பகரமும் காலும்

மாங்குளம் சந்தியில் பிளெக்ஸ் அடிக்கிற கடை என்னுடையது.
கலியாணம், சாமத்தியம், அந்தியேட்டி,
கோயில் கொடியேற்றம், கட்சிக்காரர் கைகூப்பு,
எல்லாவற்றுக்கும் என் எழுத்துத்தான்.

ஆட்களின் பேர் எனக்குள் நிற்பதில்லை.
பாமினியா வேறேதுமா என்று
ஓடுகிற பஸ்ஸிலிருந்தே சொல்லுவேன்.
மூன்றுசுழி ணகரம் போதும்:
சிலதில் சுழியெல்லாம் ஒரே அளவு முட்டை,
சிலதில் நடுச்சுழி நெரிபட்டுக் கிடக்கும்,
இரண்டு பருத்த ஆட்களுக்கு நடுவே
சீட்டுக் கிடைத்தவனைப்போல.
கொம்பு சிலதில் வாய் திறந்திருக்கும்.
சிலதில் தன்னையே விழுங்கியிருக்கும்.
இழுத்து அகட்டினதென்றால்
நின்ற கோடு தடிக்கும், படுத்த கோடு மெலியும்,
எனக்குப் பல் கூசும்.

போன தையில்
மின்கம்பத்து மரண அறிவித்தலைப் பார்த்து
பரந்தன் கடை வேலை என்றேன்.
செத்தது ஆர் என்று தங்கச்சி கேட்டபிறகுதான்
வாசித்தேன்.
எனக்குக் கணக்குப் படிப்பித்த சேர்.

வைகாசி. ஷட்டர் தொட ஏலாத வெயில்.
யோகநாயகம் வந்தார், மூன்று டிப்பர் ஓடுகிறவர்.
ஃபோனை நீட்டினார்.
சிவப்புப் பலகை, மண்டையோடு,
மிதிவெடி அபாயம்.
பின்னால் ஒரு மருதமரம்,
அதற்கும் பின்னால்
ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல்.

"இது வெடி எடுக்கிறவையின்ர போர்டோ,
ஆரும் அடிச்சு நட்டதோ?
நீங்கள் பாத்தாச் சொல்லுவியள் எண்டினம்."

விரலால் பெருப்பித்தேன்.
மிதிவெடி ஒரு எழுத்துரு.
அபாயம் வேறொன்று.
மி, தி இரண்டின் தலைக்கொக்கியும்
கத்தியால் நறுக்கியதுபோல் சதுரமாய் முடிய,
அபாயத்தில் முனையெல்லாம் உருண்டை.
நடுவே மயிர்போல ஒட்டுக்கோடு.

பிறகு அந்தப் 'பா'.
அந்த எழுத்துருவில் பகரத்துக்கும் காலுக்கும் நடுவே
ஆடு நுழையும், அவ்வளவு வெளி.
எல்லாரும் அப்படியே விட்டுவிடுவார்கள்.
நான்தான் ஒவ்வொரு தரமும்
காலைப் பிடித்து உள்ளே இழுத்து வைப்பது.

இந்தக் கால் உள்ளே இருந்தது.

மாசியில் அடித்தேன். கிணறு அபாயம்.
ஆற்றங்கரைக் காணி இதயராணி,
கட்டு இடிந்துபோச்சு, பிள்ளைகள் ஓடித்திரியுதுகள் என்றா.
டிப்பர் போய்ப்போய் வேலி சரிந்ததையும்
மிளகாய்ப் பாத்திக்குள் ஆறு வந்து படுத்ததையும்
காசு எண்ணுகிறபோது சும்மா சொன்னா.
முந்நூறு ரூபா குறை.
மற்றச் சொல்லைத் தேட வேண்டியதில்லை,
வெடி எடுக்கிறவர்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த பனரில்
வெட்டியிருப்பா.

"என்ன, சொல்லுங்கோவன்."

நாக்கு நுனியில் நின்றது.
கலியாணக் காட் கையில் வந்தால்
பெண்ணின் பேருக்கு முதல்
எழுத்துருவின் பேரைச் சொல்லுகிற வாய்.

எழுத்துப் பொய். சரி.
நிலம்?
அதை ஆர் பெருப்பித்துப் பார்ப்பது?
எடுத்தது எவ்வளவு, எடுபடாமல் கிடப்பது எவ்வளவு,
எனக்குத் தெரியாது.
தெரிந்ததெல்லாம்
பலகையில் நிற்கிற அந்த ஒரு கால்.

"அவையின்ரதான்," என்றேன்.
"அந்தத் 'தி'யைப் பாருங்கோ,
இந்தப் பக்கம் வேற ஆரும் பாவிக்கிறேல்லை."

'தி'யைப் பற்றிச் சொன்னது உண்மை.

அவர் ஃபோனைத் திருப்பித்
தானும் கொஞ்சநேரம் 'தி'யைப் பார்த்தார்.
முதல்தரம் ஒரு எழுத்தைப் பார்க்கிறவரைப்போல.
பிறகு மகளின் சாமத்தியத்துக்கு
பத்தடி பனர் என்ன விலை என்று கேட்டு,
கூட என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னேரம் கரண்ட் வந்ததும்
மாசிமாத ஃபைலைத் திறந்தேன்.
கிணற்றை அழித்தேன்.
மிதிவெடியை அடித்தேன்.
உருண்டை முனைகளை எடுத்துப்போட்டு
எல்லாம் சதுர எழுத்தாக்கினேன்.
காலில் மட்டும் கை வைக்கவில்லை.
அவர்கள் அதைத் திருத்துகிறதில்லை.
கை பறந்தது. மடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு அழைத்தேன்.
"அக்கா, அந்தக் கிணத்தடிப் போர்டு
சரியா வரேல்லை.
வாங்கோ, வேற அடிச்சுத் தாறன்.
இதுக்குக் காசு வேண்டாம்.
பழைய முந்நூறைத் தந்தாக் காணும்."